தம்புச் செட்டித் தெருவிலும் ஆய்வு செய்யலாம்

கேள்வி இதுதான். தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு தம்பி, எம்.சி.ஏ. கடைசி ஆண்டு. மென்பொருளில் வரும் சிக்கல்களை ஆட்கள் எப்படிச் சேர்ந்து தீர்க்கிறார்கள், தெரிந்ததை எப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை ப்ராஜெக்ட்டாக எடுக்க ஆசைப்படுகிறார். மென்பொருள் நிரல்களைச் சேர்த்து வைத்து எழுதும் கிட்ஹப் தளத்திலிருந்து தரவை இறக்கி எண்ணிக் காட்டினால் போதும் என்கிறார் அவருடைய வழிகாட்டி. தென்சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்குள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைக்காது. வடசென்னையில் இருந்துகொண்டு இதை உருப்படியாகச் செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

முடியும், தம்பி. சொல்லப்போனால் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறி இறங்கும் தூரத்திலேயே இதற்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. ராயபுரத்தில் வளர்ந்து, மென்பொருள் சப்போர்ட் வேலை பார்த்து, அப்புறம் அந்த வேலையையே ஆராயப் போன ஆள் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வழிகாட்டி சொன்னதைப் பார்ப்போம். எண்ணுவது தப்பில்லை. எண்ணியதால்தான் சில முக்கியமான உண்மைகள் வெளியே வந்தன. மோக்கஸ், ஃபீல்டிங், ஹெர்ப்ஸ்லெப் ஆகிய மூவரும் அப்பாச்சி வெப் சர்வர் என்ற திறந்தமூல மென்பொருளின் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) பதிவுகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், நிரலில் 80 விழுக்காட்டுக்கு மேல் முதல் 15 பேரிடமிருந்தே வந்திருந்தது தெரிந்தது. பிழை இருக்கிறது என்று சொன்னவர்களின் கூட்டம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஊர் கூடித் தேர் இழுக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்தில், வடம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர், சக்கரம் எங்கே சிக்குகிறது என்று பார்த்துச் சொன்னவர்கள் நிறையப் பேர். அதேபோல 2016இல் கிட்ஹப்பின் பிரபலமான 133 திட்டங்களை ஒரு குழு ஆராய்ந்தது. அவற்றில் 65 விழுக்காடு திட்டங்கள் ஒருவரோ இருவரோ விலகினாலே தடுமாறும் நிலையில் இருந்தன. இதையெல்லாம் எண்ணாமல் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் பதிவில் ஏறியதைத்தானே எண்ண முடியும்? உங்கள் தலைப்பின் உயிர் பதிவில் ஏறாத பகுதியில் இருக்கிறது. இதைச் சும்மா என் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. 2009இல் ஹோர்கே அராண்டா, ஜினா வெனோலியா என்ற இரண்டு ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்டில் ஒரு வேலை செய்தார்கள். தீர்த்து மூடப்பட்ட 10 பிழைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கணினிப் பதிவு என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்தார்கள். அப்புறம் அந்தப் பிழையைத் தொட்ட ஆட்களை ஒருவர் பின் ஒருவராகத் தேடிப் போய்ப் பேசி, உண்மையில் நடந்த கதையைக் கட்டி எழுப்பினார்கள். இரண்டும் பொருந்தவில்லை. முக்கியமான ஆள் பதிவிலேயே இல்லை. பதிவில் பெயர் இருந்தவருக்கு அந்த வேலையில் பெரிய பங்கு இல்லை. ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பதற்குத் தடயம் இல்லை. மிக எளிய பிழையின் கதைகூட ஆட்களுக்கு இடையே இருந்த உறவும் நிறுவனத்தின் நடைமுறையும் தெரியாமல் புரியவில்லை. தானியங்கியாகப் பதிவைக் கறந்து எடுத்தால் குறைபட்ட கதையும், பல நேரம் தப்பான கதையும்தான் கிடைக்கும் என்று முடித்தார்கள்.

உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வடிவத்தைத்தான். ஆயிரக்கணக்கான சிக்கல்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட எட்டுப் பத்துச் சிக்கல்களை ஆள் ஆளாகப் பின்தொடருங்கள். ஒரு மாணவர் தனியாக, பணம் இல்லாமல், ஒரு பருவத்துக்குள் செய்யக்கூடியதும் அதுதான்.

இப்படிப் பின்தொடர்ந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜூலியன் ஆர். ஜெராக்ஸ் கம்பெனியின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்களோடு 1980களில் சுற்றிய மானிடவியலாளர். தானே முன்பு டெக்னீஷியனாக இருந்தவர் என்பதால் அவர்கள் பேச்சு அவருக்குப் புரிந்தது. கம்பெனி அவர்களுக்குக் கையேடு கொடுத்திருந்தது: இந்த எரர் கோடு வந்தால் இதைச் செய், அந்தக் கோடு வந்தால் அதைச் செய். ஆனால் ஒரு நாள் ஓர் இயந்திரம் காட்டிய கோடும் உண்மையான பழுதும் வேறு வேறாக இருந்தன. கையேட்டில் வழி இல்லை. டெக்னீஷியனும் அவருக்கு உதவ வந்த நிபுணரும் இயந்திரத்தின் முன்னால் நின்று, 'முன்னே ஒரு இடத்தில் இப்படி ஆச்சு', 'அந்த மெஷினில் வேற மாதிரி காட்டிச்சு' என்று மணிக்கணக்கில் பழைய கதைகளைப் பேசிக்கொண்டே சோதித்தார்கள். அந்தக் கதைகளின் துண்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கடைசியில் காரணம் பிடிபட்டது. அதோடு அவர்கள் சொல்வதற்கு இன்னொரு புதுக் கதையும் கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களிடம் அது போனது.

வெட்டிப் பேச்சு என்று மேலதிகாரி நினைத்ததுதான் அங்கே உண்மையான அறிவுக் கிடங்கு. பின்னாளில் ஜெராக்ஸ் டெக்னீஷியன்களின் அனுபவக் குறிப்புகளைத் திரட்டி எல்லோருக்கும் கிடைக்கும்படி யுரேகா என்ற ஏற்பாட்டைச் செய்தது. குறிப்புகளைச் சக டெக்னீஷியன்களே சரிபார்த்தார்கள், எழுதியவர் பெயர் குறிப்போடு நின்றது. காசைவிட அந்தப் பெயருக்குத்தான் அவர்கள் மதிப்புக் கொடுத்தார்கள்.

ஜெரால்ட் வெயின்பர்க் 1971இல் எழுதிய ஒரு சம்பவமும் இதே ரகம். ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் மாணவர்கள் கூடி வேலை செய்யும் பெரிய அறை. அதன் ஓரத்தில் தின்பண்டம், பானம் கொடுக்கும் இயந்திரங்கள். அங்கே எப்போதும் கூட்டம், சத்தம். புகார் வந்ததும் இயந்திரங்களை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை: மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல உட்கார்ந்திருந்தவர்களின் மேசை முன்னால் நீள வரிசை. அதுவரை மாணவர்களின் சந்தேகங்களில் பெரும்பகுதியை அந்தக் கூட்டமே தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த உதவி எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால், நின்று போன பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

சரி, வடசென்னைக்கு வருவோம். மென்பொருள் சிக்கல் என்றாலே நிரல் எழுதுபவரின் சிக்கல் என்று எடுத்துக்கொண்டால்தான் உங்களுக்கு ஓ.எம்.ஆர். தேவைப்படும். மென்பொருளை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்களும் சிக்கலைச் சேர்ந்துதான் தீர்க்கிறார்கள். பாரிமுனையில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு என்று குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்கள் நிறைய. ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்களுக்காகச் சுங்க வேலையை முடித்துக் கொடுப்பவர்கள் இவர்கள். ராஜாஜி சாலையில் கஸ்டம் ஹவுஸ் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே வேரூன்றிய தொழில். இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், எல்லாம் இன்று ஐஸ்கேட் என்ற சுங்கத் துறை இணையதளம் வழியாகத்தான் போகின்றன. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பிள்ளைகள் பலருக்கு இது முதல் வேலை. ஜி கார்டு, எச் கார்டு என்ற சுங்க வேலைக்கான அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

அங்கே ஒரு சிக்கல் எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஷிப்பிங் பில் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய பையன் முதலில் சொல்வது 'சர்வர் டவுன்'. பக்கத்துக் கட்டடத்தில் வேறு அலுவலகத்தில் இருக்கும் நண்பனுக்கு போன்: 'இன்னா மச்சான், உனக்குப் போவுதா?' போகிறது என்று பதில் வந்ததும் சர்வர் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. அடுத்து டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைப் பார்க்கிறார்கள், காலாவதி ஆகிவிட்டதா என்று. அதுவும் இல்லை. அப்போது மூத்த கிளார்க் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே கேட்கிறார்: 'புது பார்ட்டியா? ஏ.டி. கோடு ஏறியிருக்கா பாரு.' ஏற்றுமதியாளருடைய வங்கியின் கோடு சுங்கத்தில் சரியாகப் பதிவாகவில்லை. மென்பொருள் சிக்கலாக ஆரம்பித்தது சில நிமிடத்தில் வங்கிச் சிக்கலாக மாறிவிட்டது.

அந்த மாற்றத்தைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். சிக்கல் என்னவென்று முதலில் நினைத்தார்கள், எந்தப் பேச்சில் அது வேறொன்றாக மாறியது, மாற்றியவர் யார், அவருக்கு அது எங்கிருந்து தெரிந்தது? கடைசி விடையைக் குறித்துக்கொண்டு வந்தால் 'ஏ.டி. கோடு பதிவு செய்தார்கள்' என்ற ஒரே வரிதான் மிஞ்சும். அதில் யார் யாரை நம்பினார்கள், எது எது விலக்கப்பட்டது என்ற எதுவும் இருக்காது.

இந்த இடத்துக்கு இன்னும் இரண்டு சிறப்பு உண்டு. ஒன்று, நேரத்தின் விலை கண்ணுக்குத் தெரியும். பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்டணம். இந்த நெருக்கடியில் யாரிடம் கேட்பது கௌரவம், யாரிடம் கேட்பது குறைச்சல் என்ற கணக்கெல்லாம் கொஞ்சம் தளரும். இரண்டாவது, 2020 ஜூன் 8 முதல் சென்னையிலும் பெங்களூரிலும் முகமறியா மதிப்பீடு வந்தது. உங்கள் ஆவணத்தைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். முன்பு நேரில் போய்ப் பேசித் தெளிந்ததை இப்போது எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் சொல்கிறார்கள். நேரடிப் பேச்சு எழுத்தாக மாறும்போது அறிவு எங்கே சேர்கிறது, எங்கே சிந்துகிறது என்று ஆராய இதைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தெரிந்து பக்கத்தில் இல்லை.

போட்டிக் கம்பெனிக்காரன் ஏன் உதவுகிறான் என்று உங்கள் வழிகாட்டி கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். எரிக் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் 1987இல் அமெரிக்காவின் சிறு எஃகு ஆலைகளைப் பற்றி எழுதியதைப் படியுங்கள். போட்டி ஆலைகளின் பொறியாளர்கள் ஒருவருக்கொருவர் தொழில் நுணுக்கங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அது தர்மமும் இல்லை, துரோகமும் இல்லை. இன்று நான் சொன்னால் நாளை நீ சொல்வாய் என்ற கொடுக்கல் வாங்கல். அதே வான் ஹிப்பல், கரீம் லக்கானியோடு சேர்ந்து 2003இல் அப்பாச்சிக்கு இலவசமாக உதவி சொல்பவர்களைப் பற்றி எழுதினார். உதவுபவர் செலவிடும் உழைப்பில் 98 விழுக்காடு அவருக்கே கற்றலாகத் திரும்பி வருகிறது என்று கண்டார்கள். மற்றவர்களின் கேள்வியையும் பதிலையும் படிப்பதில்தான் நேரம் போகிறது, பதில் எழுதுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. தம்புச் செட்டித் தெருவில் போன் எடுக்கும் அந்த நண்பனும் 'இன்று இப்படி ஒரு சிக்கல் சுற்றுகிறது' என்று தெரிந்துகொள்கிறான் அல்லவா? இதை அங்கே சோதித்துப் பாருங்கள்.

வேறு களம் வேண்டுமென்றால் சௌகார்பேட்டை, மின்ட் தெருவின் மொத்தக் கடைகளில் டேலியும் ஜி.எஸ்.டி.யும் போடும் கணக்கர்கள் இருக்கிறார்கள். பர்மா பஜாரில் செல்போன் மென்பொருள் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் படித்து முடித்த பிள்ளைகளே நடத்தும் மாலை டியூஷன்களில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் இடம் கிடைத்தால் அதையும் விட வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்று இடத்தில் அரைகுறையாக உட்காருவதில் பயன் இல்லை.

இனி எப்படிக் குறிப்பெடுப்பது. உங்கள் ஆய்வின் அலகு ஆளும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஒரு சிக்கல். 'வரல', 'போவல' என்று யாரோ வாயைத் திறந்த நொடியில் ஆரம்பித்து, அதைப் பற்றிய பேச்சு நிற்கும் வரை. போனா, நேரா, வாட்ஸ்அப் குரல் செய்தியா, ஸ்கிரீன்ஷாட்டா என்று வழியைக் குறியுங்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், உங்கள் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றாதீர்கள். கேட்டும் பதில் கிடைக்காமல் தொங்கிய கேள்விகளைத் தனியாக எழுதுங்கள். 2007இல் ஆண்ட்ரூ கோ குழுவினர் மைக்ரோசாஃப்டில் 17 டெவலப்பர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, தகவலுக்கு அவர்கள் அதிகம் நாடியது சக ஊழியர்களைத்தான். வேலை தடைபட்டதும் பெரும்பாலும் தெரிந்த ஆள் இடத்தில் இல்லாததால்தான். தொங்கிய கேள்விகளின் பட்டியல் இருந்தால், அந்த அலுவலகத்தில் எந்த அறிவு எந்த ஒரே தலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போங்கள். அதே சிக்கல் மறுபடி வந்ததா? வந்தபோது பழைய விடை நினைவுக்கு வந்ததா, அல்லது முதலிலிருந்து தேடினார்களா? பெரும்பாலான ப்ராஜெக்ட்கள் இதைச் செய்வதில்லை. அறிவு பகிரப்பட்டதா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து நம்பகமான வழி இது ஒன்றுதான். நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதாலேயே அறிவு கைமாறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985இலேயே சொன்னார்: நிரலும் ஆவணமும் இருந்தாலும், அது ஏன் இப்படி இருக்கிறது என்ற புரிதல் அதைக் கட்டியவர்களின் தலையில்தான் வாழ்கிறது. அந்தக் குழு கலைந்தால் ஆவணத்திலிருந்து அதை முழுதாக மீட்க முடியாது.

இன்னொரு விஷயம், என் மனதுக்கு நெருக்கமானது. கேட்காதவர்களைக் கவனியுங்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக வேலைக்கு வரும் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர், 'தெரியாது' என்று சொன்னால் தகுதி இல்லாதவன் என்று முத்திரை விழுமோ என்ற பயத்தோடு உட்கார்ந்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்றால் அந்தப் பயம் இரட்டிப்பாகிறது. அரை மணியில் தீர்வதை அரை நாள் தனியாகப் போராடுவார்கள். அந்த மௌனம் எந்தத் தரவிலும் விழாது, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் 'எனக்கே தெரியல, வா பார்க்கலாம்' என்று சொல்லும் அலுவலகத்தில் கேள்விகள் கூடுகின்றனவா என்று பாருங்கள். உங்களால் அந்த மௌனத்தைப் படிக்க முடியும், ஏனென்றால் அது உங்களுக்குத் தெரிந்த மௌனம். வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இல்லாத பலம் இது.

அதனாலேயே அனுமதி விஷயத்தில் மிகவும் நேர்மையாக இருங்கள். 2021 ஏப்ரலில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளை லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பராமரிக்கும் தரப்பு தடை செய்தது. காரணம், ஆய்வாளர்கள் வேண்டுமென்றே குறையுள்ள மாற்றங்களை அனுப்பி, சரிபார்ப்பவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். சரிபார்ப்பவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. உங்கள் களத்தில் ஆபத்து இன்னும் நெருக்கமானது: ஒரு கிளார்க் போட்டிக் கம்பெனிக்கு உதவினார் என்று நீங்கள் எழுதுவது அவர் முதலாளி கண்ணில் பட்டால் வேலையே போகலாம். முதலாளியின் அனுமதி மட்டும் போதாது, ஒவ்வொரு ஆளிடமும் தனியாகக் கேளுங்கள். பெயர், கம்பெனி, சரக்கு, பார்ட்டி எதுவும் குறிப்பேட்டில்கூட வேண்டாம். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டி, வேண்டாம் என்பதை அடித்துவிடுங்கள்.

சாட்ஜிபிடி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று வைவா எனும் வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்கலாம். அது 2022 நவம்பரில் வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் நடமாட்டம், அந்தக் கருவி எளிதில் கிடைக்காத நாடுகளின் இதே வகைத் தளங்களோடு ஒப்பிட்டபோது, சுமார் 25 விழுக்காடு குறைந்ததாக 2024இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பத்துப் பேர் படிக்கும்படி நடந்த உரையாடல் ஒருவரின் திரைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் களத்திலும் இளைய கிளார்க்குகள் போனில் அதனிடம் கேட்கத் தொடங்கியிருக்கலாம். மூத்தவரிடம் கேட்டிருந்தால் பக்கத்தில் இருந்த மூன்று பேர் காதிலும் விழுந்திருக்கும். இப்போது விழுகிறதா? குறிப்பெடுக்கும்போது 'யார் காதில் விழுந்தது' என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியைச் சமாதானப்படுத்த ஒரு வழி இருக்கிறது. அவர் கேட்ட எண்ணிக்கையையும் செய்யுங்கள். சிறிய திறந்தமூலத் திட்டம் ஒன்றின் பிழைப் பதிவுகளை எடுத்து, பதிவில் என்ன தெரிகிறது என்று ஓர் அத்தியாயம். உங்கள் பத்துச் சிக்கல்களில் பதிவுக்குள் வராதது என்ன என்று அடுத்த அத்தியாயம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவரே ஒத்துக்கொள்வார்.

முதல் நாளை மார்ச் கடைசியில் வைக்காதீர்கள், நிதியாண்டு முடிவில் உங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் போய், கூட மாட உதவி செய்து, டீ வாங்கிக் கொடுத்துப் பழகுங்கள். மார்ச் வரும்போது நீங்கள் அந்த அறையின் ஆளாகியிருப்பீர்கள். சிக்கல்கள் மளமளவென்று வரும் காலமும் அதுதான். நோட்டுப் புத்தகம் தடிமனாக வாங்கிக்கொள்ளுங்கள்.